மூளையைக் காப்பதும் மூளை நோயோடு வாழ்வதும்: குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

என் அம்மா 12 ஆண்டுகளாக, உடல் அசைவை மெல்ல முடக்கும் மூளை நோயான பார்கின்சனோடு வாழ்கிறார். நான் மருத்துவர் அல்ல. அம்மாவோடு மருத்துவமனை வரிசைகளில் காத்திருந்து, கேட்டும் படித்தும் தவறு செய்தும் கற்றுக்கொண்ட மகள். எங்களைப் போன்ற குடும்பங்கள் ஒவ்வொன்றாக என்னிடம் கேட்கத் தொடங்கியதில் சேர்ந்த கேள்விகள் இவை. பதில் எழுதும்போதெல்லாம் ஒன்று என்னை உறுத்துகிறது. பல வீடுகளில் நோய் பறித்ததோடு, "கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்ற தயக்கமும் "வெளியே தெரியக் கூடாது" என்ற வெட்கமும் தம் பங்குக்குப் பறித்திருக்கின்றன. 2021ஆம் ஆண்டுக் கணக்குப்படி, ஒற்றைத் தலைவலி முதல் மறதிநோய் வரை ஏதோ ஒரு நரம்பு மண்டலப் பாதிப்போடு வாழ்பவர்கள் உலகில் 340 கோடிப் பேர். பத்தில் நான்கு பேருக்கு மேல் இருக்கும் ஒன்றை எதற்காக ஒளித்து வைக்க வேண்டும்?

வயதானால் மறதி வருவது இயல்புதானே? எப்போது கவலைப்பட வேண்டும்?

பெயர் நாக்கு நுனியில் நின்று, அரை மணி நேரம் கழித்து நினைவுக்கு வந்தால் கவலை வேண்டாம். கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுவதும் அப்படித்தான். ஆண்டுக்கணக்கில் போய்வந்த வழி திடீரெனப் புதிதாகத் தெரிவது, சொன்ன பதிலைக் கேட்டதே நினைவில்லாமல் அதே கேள்வியை மீண்டும் கேட்பது, வழக்கமாகப் பார்த்துவந்த கணக்கில் தடுமாறுவது, சட்டையை எந்த வரிசையில் போடுவது என்று குழம்புவது ஆகியவை வேறு வகை. அன்றாட வேலையைத் தடுக்கும் மறதியை வயதின் கணக்கில் எழுதாதீர்கள்.

மருத்துவரிடம் போனால் மறதிநோய் என்ற "அந்தப் பெயரை" சொல்லிவிடுவார் என்று பயந்து பலர் போவதே இல்லை. என்னை மிகவும் வருத்துவது இதுதான். ஏனென்றால் மறதிக்கான காரணங்களில் சிலவற்றைச் சரிசெய்ய முடியும். பி12 வைட்டமின் குறைபாடு, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகளும் ஒவ்வாமை மாத்திரைகளும், சில வாரங்களுக்கு முன் விழுந்ததில் மண்டை ஓட்டுக்கு அடியில் மெல்லக் கசிந்து தேங்கிய இரத்தம் ஆகிய எல்லாமே மறதியாக வெளிப்படலாம். ஓர் இரத்தப் பரிசோதனையிலும் ஒரு ஸ்கேனிலும் தெரியக்கூடியதை, பயத்தினால் ஆண்டுக்கணக்கில் விட்டுவைப்பது கொடுமை.

நேற்று வரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரெனக் குழம்பிப் பேசினால் அது மறதிநோய் அல்ல. சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், உடலில் உப்பின் அளவு குறைதல், புதிய மருந்து என்று ஏதோ ஒன்று இருக்கும். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பக்கவாதம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? எவ்வளவு நேரம் இருக்கிறது?

சிரிக்கச் சொல்லுங்கள்: வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரு கைகளையும் தூக்கச் சொல்லுங்கள்: ஒன்று கீழே சரிகிறதா? ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள்: குழறுகிறதா, சொல் கிடைக்காமல் திணறுகிறாரா? மூன்றில் ஒன்று இருந்தாலும் ஆம்புலன்ஸை அழையுங்கள். திடீரென ஒரு கண்ணில் அல்லது ஒரு பக்கத்தில் பார்வை போவது, நிற்க முடியாமல் தள்ளாடுவது, இதுவரை வந்திராத கடும் தலைவலி ஆகியவையும் இதில் சேரும்.

என் மாமாவுக்கு ஓர் இரவு ஒன்பது மணிக்கு வலது கை மரத்துப்போனது. பேச வாயெடுத்தார், சொல் வரவில்லை. களைப்பு, படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தோம். காலையில் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. அந்த இரவை நான் இன்னும் சுமக்கிறேன். அதனால்தான் இந்தப் பதிலை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மூளையின் பெரிய இரத்தக்குழாய் ஒன்று அடைபட்டு, சிகிச்சையின்றி விடப்படும் ஒவ்வொரு நிமிடத்திலும் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன. அடைத்திருக்கும் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த நேரத்துக்குள்ளும் எவ்வளவு முன்னதாகப் போடுகிறார்களோ அவ்வளவு பலன். பெரிய குழாயில் அடைப்பு இருந்தால், மெல்லிய கம்பிக்குழலைச் செலுத்திக் கட்டியை வெளியே எடுக்கும் சிகிச்சை உண்டு; தேர்ந்தெடுத்த சிலருக்கு அதை 24 மணி நேரம் வரைகூடச் செய்கிறார்கள். ஆகவே நேரம் கடந்துவிட்டது என்று நீங்களே தீர்மானித்து வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

அவர் கடைசியாக நலமாக இருந்ததை எப்போது பார்த்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காதீர்கள், விழுங்கும் தசையும் செயலிழந்திருக்கலாம். ஆஸ்பிரின் கொடுக்கவே வேண்டாம்: பக்கவாதம் அடைப்பினாலும் வரும், இரத்தக்கசிவினாலும் வரும், எதுவென்று ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். அருகில் இருக்கும் ஏதோ ஒரு மருத்துவமனையைவிட, இரவிலும் ஸ்கேனும் பக்கவாத சிகிச்சையும் உள்ள மருத்துவமனை எது என்பதை இன்றே விசாரித்து வையுங்கள்.

பத்து நிமிடத்தில் எல்லாம் தானாகச் சரியாகிவிட்டது. இனியும் போக வேண்டுமா?

கட்டாயம் போக வேண்டும், அன்றே. அது பெரிய பக்கவாதத்தின் முன்னறிவிப்பாக இருக்கலாம். அபாயம் மிக அதிகமாக இருப்பது அடுத்த இரண்டு நாட்களில்தான். இந்த இடைவெளியில் காரணத்தைக் கண்டறிந்து மருந்து தொடங்கினால் பெரியதைத் தடுக்க வாய்ப்பு உண்டு.

ஒருவருக்கு வலிப்பு வந்தால் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும்?

கடிகாரத்தைப் பாருங்கள். தலைக்கு அடியில் மென்மையாக எதையாவது வையுங்கள், சுற்றி இருக்கும் கூரான பொருட்களை நகர்த்துங்கள். துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். நாக்கை விழுங்கிவிடுவார் என்பது தவறான நம்பிக்கை, ஆனால் உள்ளே திணித்த பொருளால் பல் உடைந்து தொண்டையில் சிக்குவது உண்மையிலேயே நடக்கும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்பும் முன் மீண்டும் வந்தாலோ, அவருக்கு இது முதல் வலிப்பாக இருந்தாலோ, அவர் கர்ப்பிணியாக இருந்தாலோ ஆம்புலன்ஸ் வேண்டும்.

விழித்ததும் அவர் குழம்பியிருப்பார், பெரும்பாலும் வெட்கப்படுவார். சுற்றி நிற்கும் கூட்டத்தைக் கலைந்துபோகச் சொல்லுங்கள். நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவிகளில் அதுவும் ஒன்று.

வலிப்பு நோய் உள்ளவர் படிக்கலாமா, வேலைக்குப் போகலாமா, திருமணம் செய்யலாமா?

மூன்றுக்கும் ஆம். உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. சரியான மருந்து கிடைத்தால் அவர்களில் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வண்டி ஓட்டுவது, தனியாக நீந்துவது, உயரத்தில் ஏறி வேலை செய்வது ஆகியவற்றை மட்டும் மருத்துவரிடம் கேட்டு முடிவெடுக்க வேண்டும்.

திருமணத்துக்காக மருந்தை மறைத்து, பிறகு மறைக்க முடியாமல் நிறுத்தி, அதனால் வலிப்பு திரும்பிய பெண்களை நான் அறிவேன். திடீரென மருந்தை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. குழந்தை பெற விரும்பும் பெண்கள் கருத்தரிப்பதற்கு முன்பே மருத்துவரிடம் பேசுங்கள்: வால்புரோயேட் என்ற மருந்து கருவைப் பாதிக்கக்கூடியது, அதற்கு மாற்று மருந்துகள் உண்டு. கர்ப்பம் தெரிந்த பதற்றத்தில் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

மறதிநோய் வராமல் தடுக்க முடியுமா?

வராது என்று யாரும் உறுதி தர முடியாது. வாய்ப்பைக் குறைக்க முடியும், அதுவும் கணிசமாக. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024இல், நாம் மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. அவை அனைத்தையும் களைந்தால், உலகின் மறதிநோயில் சுமார் 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அவர்கள் மதிப்பீடு. சிறு வயதில் கல்வி கிடைக்காதது, புகை, மிகுதியான மது, உடற்பருமன், நீரிழிவு, கெட்ட கொழுப்பு, தலைக்காயம், மனச்சோர்வு, தனிமை, உடலுழைப்பின்மை, காற்று மாசு ஆகியவை அந்தப் பட்டியலில் உண்டு. கவனியுங்கள், கல்வியும் காற்றும் தனிமனிதர் கையில் இருப்பவை அல்ல. நோய் வந்தவரிடம் "நீ ஒழுங்காக இருந்திருக்கலாம்" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

என்னைக் கேட்டால் இரண்டை முதலில் பிடியுங்கள். ஒன்று, இரத்த அழுத்தம். நடுவயதில் ஏறிய அழுத்தம் வலியில்லாமல், சத்தமில்லாமல் மூளையின் நுண்குழாய்களை அரிக்கிறது. பக்கவாதத்துக்கும் அதுவே முதல் காரணி, ஆக ஒரே மாத்திரை இரண்டு நோய்களுக்கு எதிராக வேலை செய்கிறது. நாற்பது வயதானவர்கள் அளந்து பார்க்காமல் இருக்காதீர்கள். அழுத்தம் இயல்பு நிலைக்கு வந்துவிட்டது என்று மருந்தை நிறுத்தாதீர்கள், மருந்தினால்தான் வந்தது.

இன்னொன்று, காது. கேட்கும் திறன் குறைந்தவர் முதலில் பேச்சைக் குறைக்கிறார், பிறகு கூட்டத்தைத் தவிர்க்கிறார், பிறகு மூலையில் அமர்ந்துவிடுகிறார். மூளைக்கு வரும் செய்திகள் ஒவ்வொன்றாக அறுபடுகின்றன. கண்ணாடி போட்டுக்கொள்ள யோசிக்காத நாம் காதுக்கருவி என்றதும் ஏன் கூசுகிறோம்? கண்ணும் அப்படியே, சரிசெய்யாமல் விட்ட பார்வைக் குறைவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

குறுக்கெழுத்துப் புதிர், மூளைப் பயிற்சிச் செயலிகள் பயன் தருமா?

புதிர் போட்டால் புதிர் போடும் திறமை வளரும். அந்தத் திறமை மற்ற வேலைகளுக்கும் பரவுகிறதா என்பதற்கான சான்று பலவீனம். பிடித்திருந்தால் செய்யுங்கள், ஆனால் நடைக்கும் நண்பர்களுக்கும் மாற்றாக அல்ல.

மூளைக்குச் சேமிப்பு என்று ஒன்று இருப்பது உண்மை. 1986இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆய்வில் 678 கன்னியாஸ்திரிகள், தாங்கள் இறந்தபின் மூளையை ஆராய ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் சிலரது மூளையில், மறதிநோயின் மிகப் பரவலான வகையான அல்சைமரின் மாற்றங்கள் நிறைந்திருந்தன. ஆனால் வாழ்ந்த காலத்தில் அவர்களிடம் மறதிநோயின் அடையாளமே இல்லை. கற்றும் பேசியும் பிறரோடு கலந்தும் வாழ்ந்த மூளை, சேதத்தை ஓரளவு தாங்கிக்கொள்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஞாபகசக்தி மாத்திரை, டானிக்?

குறைபாடு இல்லாதவருக்கு அவற்றால் பயன் இருப்பதாக நல்ல சான்று இல்லை. அந்தப் பணத்தில் காதையும் கண்ணையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

பார்கின்சன் என்றால் கை நடுக்கம்தானே?

நடுக்கம் பலரும் அறிந்த முகம், முழு நோய் அதுவன்று. லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்கின்சன் 1817இல் விவரித்ததிலிருந்து இன்றுவரை நோயாளியை அதிகம் முடக்குவது அசைவின் மந்தமும் தசை இறுக்கமும்தான். நடுக்கமே இல்லாத பார்கின்சனும் உண்டு. என் அம்மாவுக்கு நோய் கண்டறியப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மோப்பம் போயிருந்தது, மலச்சிக்கல் இருந்தது, தூக்கத்தில் கனவோடு சேர்ந்து கையை வீசினார். அவை முன்னறிகுறிகள் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. அவர் கையெழுத்து சிறுத்துக்கொண்டே போனதைக் கண்டு சிரித்திருக்கிறோம். முகத்தில் உணர்ச்சி குறைந்ததைக் கோபம் என்று நினைத்துச் சண்டை போட்டிருக்கிறேன்.

மருந்தைப் பொறுத்தவரை நேரம்தான் எல்லாம். லெவோடோபா மாத்திரை வேலை செய்யும் காலத்தில் அம்மா நடப்பார், அதன் வீரியம் இறங்கியதும் நாற்காலியில் உறைவார். அரை மணி தாமதம் ஒரு காலைப்பொழுதையே விழுங்கிவிடும். புரதம் மிகுந்த உணவோடு சேர்த்து விழுங்கினால் சிலருக்கு மருந்து சரியாக உறிஞ்சப்படாது. உணவுக்கு அரை மணி முன்பு கொடுத்துப் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

வேறு காரணத்துக்காக மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் இரண்டைச் சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள். மாத்திரை குறித்த நேரத்தில் தவறாமல் கிடைக்க வேண்டும். வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு, குழப்பத்துக்கு ஹாலோபெரிடால் ஆகிய இரண்டும் பார்கின்சனை மோசமாக்கும். எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை. மூன்று நாள் அம்மா கல்லாகக் கிடந்த பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

நடக்கும்போது கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிட்டால் இழுக்காதீர்கள். தரையில் ஒரு கோட்டையோ ஓட்டின் விளிம்பையோ காட்டி அதைத் தாண்டச் சொல்லுங்கள், அல்லது தாளம் போட்டு "ஒன்று, இரண்டு" என்று எண்ணுங்கள். தானாக நடக்க மறந்த மூளை, வெளியிலிருந்து வரும் குறிப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கும். அம்மா முதன்முறை அப்படிக் கோட்டைத் தாண்டியபோது நாங்கள் இருவரும் அழுதோம். உடற்பயிற்சி இதில் கூடுதல் அலங்காரம் அன்று, மருந்துக்கு இணையாக வைக்க வேண்டியது. முடிந்தவரை தொடக்கத்திலேயே இயன்முறை மருத்துவரைப் பாருங்கள்.

பக்கவாதம் வந்து ஆறு மாதம் ஆகிவிட்டது. இனி முன்னேற்றம் இருக்காது என்கிறார்களே?

முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்பது உண்மை. பிறகு கதவு மூடிவிடும் என்பது உண்மை இல்லை. சேதமடையாத பகுதிகள் புதிய இணைப்புகளை உருவாக்கிக்கொள்ளும் இயல்பு மூளைக்கு உண்டு. அதற்குத் தேவை, திரும்பத் திரும்பச் செய்வதும் நிஜ வாழ்க்கையோடு ஒட்டிய பயிற்சியும். பந்தை அமுக்குவதைவிட, பொத்தான் போடுவது மேல்.

பேச்சிழந்தவர் அறிவிழந்தவர் அல்ல. மாமாவின் எதிரிலேயே அவரைப் பற்றி உறவினர்கள் பேசுவார்கள். அவருக்கு எல்லாம் புரியும், திருப்பிச் சொல்ல மட்டும் முடியாது. ஒரு வாக்கியம் வராத அவரால் பழைய பாட்டை வரிபிசகாமல் பாட முடிந்தது. பாட்டுக்கு வலது பக்க மூளையும் துணை நிற்கிறது; பேச்சுப் பயிற்சியாளர்கள் அந்த வழியையும் பயன்படுத்துகிறார்கள். ஆம், இல்லை என்று பதில் வரும்படி கேளுங்கள். படம் காட்டுங்கள். அவர் சொல்லைத் தேடும்போது நீங்கள் முந்திக்கொள்ளாமல் காத்திருங்கள்.

பக்கவாதத்துக்குப் பின் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. பயிற்சிக்கு வர மறுப்பவரைச் சோம்பேறி என்று முடிவுகட்டும் முன் அதைக் கவனியுங்கள், அதற்கும் சிகிச்சை உண்டு.

தலைவலி எப்போது ஆபத்து?

நொடிகளில் உச்சத்தைத் தொடும் தலைவலி, காய்ச்சலும் கழுத்து இறுக்கமும் சேர்ந்த தலைவலி, கை கால் பலவீனத்தோடு வருவது, அடிபட்ட பின் வருவது ஆகியவை அவசரம். 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தலைவலியையும் விட்டுவைக்க வேண்டாம். மாதத்தில் 15 நாள் வலி மாத்திரை போடுபவர்களுக்கு, அந்த மாத்திரையே தலைவலியை நீட்டித்துக்கொண்டிருக்கலாம்.

அல்சைமருக்குப் புதிய மருந்து வந்துவிட்டதாமே?

2023இல் லெகானெமாப், 2024இல் டோனானெமாப் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தை அகற்றுபவை. தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கு நோயின் ஓட்டத்தைச் சற்று மெதுவாக்குகின்றன. போன நினைவைத் திருப்பித் தருவதில்லை. மூளை வீக்கமும் கசிவும் வரக்கூடும் என்பதால் அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். நம்பிக்கைக்கு இடம் உண்டு. கடன் வாங்கி ஓடுவதற்கு முன், நம் வீட்டு நோயாளி அதற்குத் தகுதியான கட்டத்தில் இருக்கிறாரா என்று நேராகக் கேளுங்கள்.

நோயின் பெயரை நோயாளியிடம் சொல்லலாமா?

சொல்லுங்கள். தனக்குள் ஏதோ நடக்கிறது என்பது அவருக்கு உங்களுக்கு முன்பே தெரியும். மறைத்தால், அந்தப் பயத்தோடு அவரைத் தனியாக விடுகிறீர்கள். தொடக்கத்திலேயே தெரிந்தால் பண விவகாரம், வீடு, பிற்காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதையெல்லாம் அவரே தீர்மானிக்கலாம். அந்தக் காலத்தைக் கடத்திவிட்டால் பிள்ளைகள் ஊகித்துத் தவிக்க வேண்டியதுதான்.

ஒரே கேள்வியை நாற்பது முறை கேட்கிறார். கத்திவிடுகிறேன், பிறகு அழுகிறேன்.

நீங்கள் கெட்டவர் இல்லை, தூங்காதவர். அவருக்கு அது ஒவ்வொரு முறையும் முதல் கேள்வி. கேள்விக்கு அடியில் பெரும்பாலும் ஓர் உணர்ச்சி இருக்கும். "வீட்டுக்குப் போகணும்" என்று சொந்த வீட்டிலேயே கேட்பவர் முகவரியைத் தேடவில்லை, பாதுகாப்பைத் தேடுகிறார். "இதுதானே வீடு" என்று வாதிடுவதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து அந்த வீட்டைப் பற்றிச் சொல்லச் சொல்லுங்கள். திடீரென எரிச்சல் கூடினால் வலி, மலச்சிக்கல், சிறுநீர் முட்டுதல் ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். சொல்லத் தெரியாத வலி கோபமாகத்தான் வரும்.

வாரத்தில் அரை நாளாவது வேறொருவரை உட்கார வைத்துவிட்டு வெளியே போங்கள். உறவினரிடம் "உதவி வேண்டும்" என்றால் தலையசைப்பார்கள். "புதன்கிழமை மூன்று மணியிலிருந்து ஏழு மணிவரை வா" என்றால் வருவார்கள். உங்கள் இரத்த அழுத்தத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

முதல்முறை நரம்பியல் மருத்துவரைப் பார்க்கப் போகிறோம். என்ன கொண்டுபோக வேண்டும்?

அவர் போடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் கவனித்தது எப்போது, எது மாறியது, எவ்வளவு வேகமாக மாறியது என்பதை அரைப் பக்கத்தில் எழுதுங்கள். நடையோ நடுக்கமோ வலிப்போ இருந்தால் கைப்பேசியில் ஒரு நிமிடம் படம் பிடித்து வையுங்கள். மருத்துவர் முன் உட்காரும் பத்து நிமிடத்தில் அறிகுறி ஒளிந்துகொள்ளும். அவரது கண்ணாடியையும் காதுக்கருவியையும் மறக்காதீர்கள். மிக முக்கியமாகக் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளைத் தாளின் மேலேயே எழுதி, உள்ளே நுழைந்ததும் அந்தத் தாளை மேசைமேல் வையுங்கள்.